எஞ்சிய கொழுப்பும் ஐந்தாம் பதமும்

மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருந்த தலைமுறை நாம். மெல்ல ஆறிய நெய் மணல்மணலாக உறையும் என்பதும், அவசரமாகக் குளிர்ந்த நெய் வழவழவென்று போய்விடும் என்பதும் நம் வீட்டுப் பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்தவை. ஆகவே கொழுப்பு உறைவதைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு அக்காள் மகளின் பிறந்தநாளுக்கு வெள்ளைச் சாக்லேட் வார்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும்வரை அந்த எண்ணம் அசையவில்லை.

விலையுயர்ந்த வெள்ளைச் சாக்லேட் கட்டி ஒன்றை வாங்கினேன். உருக்கினேன். அச்சில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை அவை அச்சை விட்டு வர மறுத்தன. நெம்பி எடுத்தவையும் பளபளப்பிழந்து, திட்டுத்திட்டாக, விரல் பட்ட மாத்திரத்தில் மெழுகைப்போலக் குழைந்தன. நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவுமில்லை. அதே பொருள் உருகி மீண்டும் உறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது அதுவாக இல்லை.

ஏன் என்று தேடத் தொடங்கியபோது ஒரு பழைய வழக்கும் கூடவே வந்தது. வெள்ளைச் சாக்லேட் சாக்லேட்டே அல்ல என்று சொல்வோர் உலகெங்கும் உண்டு. அதில் கொக்கோவின் கரிய பகுதி துளியும் இல்லை; வெறும் கொழுப்பும் சர்க்கரையும் பாலும்தானே என்பது அவர்கள் வாதம். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். குளிர்பதனப் பெட்டியில் நிகழ்ந்த அந்தச் சிறு தோல்விதான் என்னைக் கட்சி மாற வைத்தது. அதைச் சொல்ல, அந்தக் கொழுப்பின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

*

கொக்கோ விதையின் உள்ளீட்டில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. மத்திய அமெரிக்கப் பழங்குடிகளுக்கும், அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஸ்பானியர்களுக்கும், பின்னர் ஐரோப்பியப் பிரபுக்களுக்கும் சாக்லேட் என்பது குடிக்கும் பொருள். அரைத்த விதையை வெந்நீரில் கரைத்தால் கொழுப்பு மேலே ஏடாக மிதக்கும். அதை நுரைக்க அடித்து மறைத்தார்கள். மாவுப்பொருள் கலந்து உறிஞ்சச் செய்தார்கள். எப்படியாயினும் கொழுப்பு ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது.

1828ல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹவுட்டன் குடும்பம் இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டியது. தந்தை காஸ்பாரஸ் பெயரில் காப்புரிமை. மகன் கோன்ராடின் பெயரும் இந்தக் கதையில் எப்போதும் சேர்ந்தே சொல்லப்படும். அரைத்த கொக்கோவை அழுத்து எந்திரத்தில் இட்டுப் பிழிந்தார்கள். கொழுப்பில் பெரும்பகுதி வடிந்தது. எஞ்சிய கட்டியைப் பொடித்தபோது நீரில் எளிதில் கலக்கும் கொக்கோத் தூள் கிடைத்தது. நம் செக்கில் எள்ளை இட்டால் எண்ணெய்தான் சரக்கு, பிண்ணாக்கு மிச்சம். வான் ஹவுட்டன் ஆலையிலோ பிண்ணாக்கே சரக்கு, எண்ணெய் மிச்சம். கொக்கோ வெண்ணெய் என்று நாம் இன்று மரியாதையாக அழைப்பது சந்தைக்குப் பெருமளவில் வந்தது இப்படித்தான், வேண்டாத ஒன்றாக.

அந்த மிச்சத்தை மருந்தாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். கொக்கோ வெண்ணெய்க்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அறைச் சூட்டில் கல்லைப்போல இருக்கும். உடல் சூட்டில் சட்டென்று உருகிவிடும். களிம்புகளுக்கும், ஆசனவாய் வழியே செலுத்தும் மருந்துகளை வார்ப்பதற்கும் இதைவிட உகந்த பொருள் அந்நாளில் இல்லை. பிரிட்டிஷ் மருந்து நூல்களில் இது தியோப்ரோமா எண்ணெய் என்ற பெயரில் இடம்பெற்றிருந்தது. வாயில் கரையும் சாக்லேட்டின் மாயமும் இந்த மருந்தின் மாயமும் ஒன்றே என்பதைச் சாக்லேட் விளம்பரம் எழுதுவோர் சொல்லமாட்டார்கள். இன்னொன்றையும் மருந்தாளர்கள் பட்டறிந்திருந்தனர். கொக்கோ வெண்ணெயை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டு வார்த்தால், பிறகு அது அறைச் சூட்டில் சரியாக இறுகுவதில்லை. என் சமையலறையில் நடந்ததன் முன்கதை இதுதான்.

1847ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் இந்த மிச்சத்தைத் திரும்ப வீட்டுக்குள் அழைத்தது. கொக்கோக் கூழில் சர்க்கரையோடு கூடுதல் கொக்கோ வெண்ணெயையும் கலந்தார்கள். கூழ் இளகி, அச்சில் ஊற்றத்தக்கதாயிற்று. கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டி பிறந்தது. 1879ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரோடால்ஃப் லிண்ட் சாக்லேட்டை நெடுநேரம் உருட்டி அரைக்கும் முறையைக் கண்டபோது கொக்கோ வெண்ணெயின் தேவை இன்னும் பெருகியது. வேண்டாததாக இருந்தது விலைமதிப்பானதாக மாற அரை நூற்றாண்டு போதுமானதாக இருந்தது.

*

வெள்ளைச் சாக்லேட் பிறந்த வீடு ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வெவே என்ற சிற்றூர். 1860களில் அங்கே ஹென்றி நெஸ்லே என்ற மருந்தாளர் குழந்தைகளுக்கான பால்மாவு தயாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்டை வீட்டார் தானியேல் பீட்டர், மெழுகுவர்த்தித் தொழிலிலிருந்து சாக்லேட்டுக்கு வந்தவர். பாலையும் சாக்லேட்டையும் சேர்க்க வேண்டும் என்பது பீட்டரின் கனவு. பாலிலுள்ள நீர் அந்தக் கனவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. 1875ல் சுண்டவைத்த பாலைக் கொண்டு ஒருவாறு வென்றார். பின்னாளில் அவர் சாக்லேட்டுக்கு காலா பீட்டர் என்று பெயர். கிரேக்க மொழியில் காலா என்றால் பால். 1929ல் பீட்டரின் வழிவந்த நிறுவனம் நெஸ்லேயோடு இணைந்தது.

பால்மாவு, சாக்லேட், கொக்கோ வெண்ணெய் மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்த சில ஆண்டுகளிலேயே, 1930களின் நடுவில், நெஸ்லே வெள்ளைச் சாக்லேட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஐரோப்பாவில் காலாக், பிரிட்டனில் மில்க்கிபார். ஏன் செய்தார்கள் என்பதற்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. மிஞ்சிக் கிடந்த பால்பொடியையும் கொக்கோ வெண்ணெயையும் செலவழிக்கவே என்பது ஒன்று. மற்றது இதைவிடச் சுவையானது. ரோஷ் மருந்து நிறுவனத்துக்காக நெஸ்ட்ரோவிட் என்ற வைட்டமின் சேர்த்த பால் வில்லைகளைக் குழந்தைகளுக்கென்று தயாரித்தபோது, வைட்டமின் கெடாமல் காக்கக் கொக்கோ வெண்ணெயைச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்தைவிட உறை நன்றாக இருந்தது என்பது அந்தக் கதை. இரண்டில் எதை நம்பினாலும் வெள்ளைச் சாக்லேட்டின் பரம்பரை ஒன்றுதான்: ஆலையின் மிச்சம், மருந்துக்கடை, தாய்ப்பாலுக்கு மாற்று தேடிய ஓர் ஊர். கசப்பை அறியாத குழந்தைகளுக்கான தின்பண்டமாகவே அது நெடுங்காலம் இருந்ததில் வியப்பில்லை.

*

இனி உறைதலுக்கு வருவோம்.

சாக்லேட் தொழிலாளிகள் உருகிய சாக்லேட்டைப் பளிங்குப் பலகையில் கொட்டி, தட்டைக் கரண்டியால் பரப்பியும் வாரியும் ஆறவைத்துப் பின் மீண்டும் இளஞ்சூடாக்கி வார்த்தார்கள். கீழுதட்டில் ஒரு துளி தொட்டுப் பார்த்து, இலேசாகக் குளிர்ந்தால் சரி என்றார்கள். இதை ஆங்கிலத்தில் டெம்பரிங் என்பர். நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: பதம். கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று சர்க்கரைப் பாகுக்கு நாம் பெயர் வைத்தது போலவே அவர்களும் கையையும் உதட்டையும் நம்பினார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை விஞ்ஞானம் பின்னால்தான் சொன்னது.

பெரும்பாலான கொழுப்புகள் பலவகை மூலக்கூறுகளின் கலவை. ஆகவே அவை ஒரே சூட்டில் உருகுவதில்லை. மெல்ல மெல்ல இளகுகின்றன. கொக்கோ வெண்ணெயோ மிகச் சில வகை மூலக்கூறுகளால் ஆனது. பெரும்பாலானவை ஒரே சாயலுடையவை: நடுவில் ஓலிக் அமிலம், இரு பக்கங்களிலும் பால்மிட்டிக் அல்லது ஸ்டியரிக் அமிலம். ஒரே அளவுச் செங்கற்களை ஒழுங்காக அடுக்க முடியும். ஆனால் அடுக்கும் விதம் ஒன்றல்ல. 1966ல் வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கொக்கோ வெண்ணெய்க்கு ஆறு படிக வடிவங்கள் உண்டென்று வகுத்தார்கள். முதல் வடிவம் 17 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். நான்காவது 27 டிகிரியைச் சற்றுக் கடந்து. ஐந்தாவது ஏறத்தாழ 34ல். ஆறாவது 36ல். ஆறா ஐந்தா என்று பின்வந்தவர்கள் வாதிட்டதுண்டு. நமக்கு அது முக்கியமில்லை.

நமக்கு வேண்டியது ஐந்தாவது. அதில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் உறையும்போது சற்றே சுருங்கி அச்சை விட்டுத் தானே விலகும். பளபளக்கும். ஒடித்தால் டக்கென்று ஓசை எழும். விரலில் ஒட்டாது, நாவில் கரையும். ஆறாவது இன்னும் உறுதியானது, ஆனால் அது நேரடியாக அமைவதில்லை. ஐந்தாவதே மாதக்கணக்கில் கிடந்து மெல்ல ஆறாவதாக மாறும். பழைய கரும் சாக்லேட்டில் பூசணம் போலப் படியும் சாம்பல் படலத்துக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். அது பூசணம் அல்ல, கொழுப்பு, தின்னலாம்.

உருகிய சாக்லேட்டைத் திடீரென்று குளிரவைத்தால் மூலக்கூறுகள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. பேருந்தில் இடம்பிடிப்பவர்களைப்போல. கீழ்நிலை வடிவங்களே மிகுதியாக அமைகின்றன. கைச்சூட்டுக்கே அவை தாங்குவதில்லை. என் குளிர்பதனப் பெட்டியில் அந்த இரவு நடந்தது இதுவே.

ஆகவே பதப்படுத்துதல் என்பது மூன்று படிகள் கொண்டது. முதலில் எல்லாப் படிகங்களும் அழியும்வரை சூடேற்ற வேண்டும். பிறகு புதுப் படிகங்கள் தோன்றும்வரை ஆற்ற வேண்டும். பிறகு வேண்டாதவை மட்டும் உருகி, ஐந்தாவது மட்டும் தங்கும்படி சற்றே சூடேற்ற வேண்டும். கரும் சாக்லேட்டுக்கு இந்தக் கடைசி நிலை 31, 32 டிகிரி. வெள்ளைச் சாக்லேட்டுக்கு 28, 29தான். அதிலுள்ள பால்கொழுப்பு கொக்கோ வெண்ணெயோடு கலந்து உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. நான்காம் வடிவம் உருகும் சூட்டுக்கும் வேலை செய்யும் சூட்டுக்கும் இடையே ஓரிரு டிகிரிதான் இடைவெளி. வெள்ளைச் சாக்லேட் எளிது, குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

*

வீட்டில் இதைச் செய்யப் பளிங்குப் பலகை வேண்டாம். நமக்குப் பழக்கமான ஒரு முறையே போதும்: உறை ஊற்றுதல். காய்ச்சிய பாலில் கொஞ்சம் தயிரை இட்டால் பால் முழுவதும் தயிராவது போல, நன்கு பதப்பட்ட சாக்லேட்டின் துண்டுகளை உருகிய சாக்லேட்டில் இட்டால் அவற்றிலுள்ள ஐந்தாம் வடிவப் படிகங்கள் மற்றவற்றைத் தம் வழிக்குக் கொண்டுவரும். தயிரில் நுண்ணுயிர், இதில் படிகம் என்ற வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் உவமை பழுதில்லை.

300 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 100 கிராமை உறைக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். மீதியை ஒரு கிண்ணத்தில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் நீர் தொடாதபடி வைத்துக் கிளறி உருக்க வேண்டும். அடுப்பு அணைந்திருப்பது நல்லது. நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. வெள்ளைச் சாக்லேட்டில் பாலும் சர்க்கரையும் மிகுதி. 45 டிகிரியைத் தாண்டவிட்டால் திரிதிரியாகக் கட்டிவிடும். ஆவியிலிருந்து ஒரு துளி நீர் விழுந்தாலும் போயிற்று. சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, உருகிய சாக்லேட் களிமண்ணாகிவிடும். பீட்டரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த அதே நீர்தான்.

40லிருந்து 45 டிகிரிக்குள் முழுவதும் உருகியதும் கிண்ணத்தை இறக்கி, அடிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒதுக்கிய துண்டுகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். 28 அல்லது 29 டிகிரிக்கு வரும்வரை கை ஓயக் கூடாது. வெப்பமானி இல்லாமல் இதில் இறங்குவது வீண் என்பது என் அனுபவம். உதட்டுச் சோதனை பழகிய உதடுகளுக்கே. கத்தி முனையில் தொட்டு வைத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்போடு இறுகினால் பதம் வந்துவிட்டது. இறுகாமல் கோடுகோடாக இருந்தால் இன்னும் கிளற வேண்டும்.

அறை 20 டிகிரி அளவில் இருப்பது அவசியம். நம்மூர்ச் சித்திரையில் மின்விசிறியின் கீழ் நின்று இதைச் செய்ய முடியாது. அறையே 35 டிகிரி என்றால் ஐந்தாம் வடிவமே அங்கே உயிர்வாழாது. குளிரூட்டிய அறையில், அல்லது மார்கழி விடியலில் செய்யலாம். வார்த்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதில் குற்றமில்லை; பதம் வந்த பின் குளிர் நண்பன், வருமுன் பகைவன்.

கருகுவதைப் பற்றி ஒரு சிறு விலகல். வால்ரோனா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் சமையற்கலைஞர் ஃபிரெடெரிக் போ, வெள்ளைச் சாக்லேட்டை வெந்நீர்த் தொட்டியில் மறந்து பல மணி நேரம் விட்டுவிட்டார். அது பொன்னிறமாகி, திரட்டுப்பாலின் மணம் கொண்டது. அதை ஆராய்ந்து நிதானப்படுத்தி, 2012ல் டல்சே என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். நமக்கு நடந்தால் பாத்திரம் தேய்க்கும் வேலை. அவருக்கு ஒரு புதுவகைச் சாக்லேட்.

*

சாக்லேட்டா இல்லையா என்ற வழக்கு நீதிமன்றம்வரை போனதுண்டு. அமெரிக்கச் சட்டப்படி சாக்லேட் என்ற பெயருக்குக் கரிய கொக்கோக் கூழ் வேண்டும். வெள்ளைச் சாக்லேட்டில் அது இல்லையாதலால் நெடுங்காலம் தற்காலிக அனுமதியின் பேரில்தான் அந்தப் பெயரில் விற்க முடிந்தது. ஹெர்ஷி நிறுவனமும் உற்பத்தியாளர் சங்கமும் மனுச்செய்ய, 2002ல் விதி வகுக்கப்பட்டு 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது: குறைந்தது 20 விழுக்காடு கொக்கோ வெண்ணெய், 14 விழுக்காடு பாலின் திடப்பொருள், 55 விழுக்காட்டுக்கு மிகாத சர்க்கரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறையும் அதே 20ஐத்தான் கேட்கிறது.

அந்த ஐரோப்பிய நெறிமுறைக்குப் பின்னால் ஏறக்குறைய முப்பதாண்டுச் சண்டை உண்டு. 1973ல் பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூன்றும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது, தம் சாக்லேட்டில் பிற தாவரக் கொழுப்பைக் கலக்கும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தன. முடிவில் 5 விழுக்காடுவரை ஆறு கொழுப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. 2003ல் ஐரோப்பிய நீதிமன்றம், அப்படிப்பட்ட சாக்லேட்டை மாற்றுப்பொருள் என்று முத்திரை குத்திய ஸ்பெயினையும் இத்தாலியையும் கண்டித்தது. அந்த ஆறின் பட்டியலைப் பார்த்தபோது திடுக்கிட்டேன். செம்பனை, ஆப்பிரிக்க ஷியா, நம் சால மரம், கொங்கணத்துக் கோகம், மாங்கொட்டைப் பருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக, இல்லிப்பே.

நம் இலுப்பைதான். கோயில் விளக்குகளில் எரிந்த இலுப்பை எண்ணெயின் பெயர் ஐரோப்பிய வாணிபத்தில் நுழைந்து, பின்னர் போர்னியோக் காடுகளின் வேறொரு மரத்துக் கொழுப்பின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. மரம் வேறு, பெயர் மட்டும் நம்முடையது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொன்னவர்கள், அந்தப் பெயர் ஒருநாள் சாக்லேட்டில் மாற்றுக் கொழுப்பின் தலைப்பாக நிற்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த ஆறும் கொக்கோ வெண்ணெயோடு இயைந்து போகக்கூடியவை. நம் கடைகளில் கிலோக் கட்டிகளாக விற்கும் வெள்ளைக் காம்பவுண்ட் வேறு சங்கதி. அதில் பெரும்பாலும் செம்பனைக் கொட்டையின் கொழுப்பு போன்றவை. உருக்கி ஊற்றினால் எந்தப் பதமும் பார்க்காமல் தானே இறுகிவிடும். தொடக்கக்காரர்களுக்கு வசதிதான், நான் பழிக்கவில்லை. ஆனால் பெயரில் மயங்கக் கூடாது. 2020ல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு. கிரார்டெல்லி நிறுவனத்தின் வெள்ளைச் சில்லுகளில் கொக்கோ வெண்ணெயே இல்லை, ஏமாற்றப்பட்டோம் என்றனர் வாங்கியவர்கள். வெள்ளை என்பது நிறத்தைக் குறிக்கும் சொல், உறையில் சாக்லேட் என்று எங்கும் இல்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. உண்மையில் கொக்கோ வெண்ணெய் வெளிர்மஞ்சள் நிறத்தது. நல்ல வெள்ளைச் சாக்லேட் தந்தத்தின் நிறத்தில் இருக்கும். பச்சரிசி மாவின் வெண்மையில் ஒன்றைக் கண்டால் நான் உறையைத் திருப்பிப் படிக்கிறேன்.

என் கட்சி மாறியது இங்கேதான். காம்பவுண்ட் எந்தச் சாக்லேட் தொழிலாளியின் கையையும் கேட்பதில்லை. வெள்ளைச் சாக்லேட் கேட்கிறது; கரும் சாக்லேட்டைவிடவும் கண்டிப்பாகக் கேட்கிறது. பளிங்குப் பலகை, கீழுதட்டுத் துளி, ஆறு படிகங்கள் எல்லாமே கொக்கோ வெண்ணெயின் பொருட்டு உண்டானவை. சாக்லேட்டின் நிறத்தையும் கசப்பையும் விட்டுக்கொடுத்த அது, அதன் உடலை விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் முறை தை மாதக் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கினேன். வெப்பமானி 28.5 காட்டியது. கத்தி முனை நான்கு நிமிடத்தில் பளபளத்தது. பிற்பகலில் அக்காள் மகள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க, அச்சைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன். 24ல் 22 தாமாகவே விழுந்தன. மற்ற இரண்டையும் கத்தியால் நெம்பி எடுத்து நானே தின்றேன்.